ஒட்டுக் கேட்டவருக்கும் வணக்கம் சொன்ன லைன்காரர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஏழும் இன்றைக்கு நாலு தேசத்தில் சிதறி இருக்கின்றன. இருந்தாலும் ஏழுக்கும் நான் சொன்னால் சொன்னதுதான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் லேசில் ஒருவரை மெச்சுகிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், கீரிமலைக் கேணியில் தொடங்கி அச்சுவேலிச் சந்தை வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும் எங்கள் லைன்காரரைப் போல ஒரு மனிதர் அகப்படமாட்டார். தன்னுடைய போனை யாராவது ஒட்டுக் கேட்கிறார்களோ என்று ஊர் உலகம் எல்லாம் பயந்து கிடந்த காலத்தில், ஒட்டுக் கேட்கிறவனுக்கு வணக்கம் சொல்லி, சாப்பிட்டீரா என்று விசாரித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கிய மனிதர் அவர் ஒருவர்தான்.

அவருக்குப் பெற்றார் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. தொலைபேசிப் பகுதியில் தூண் ஏறி வயர் இழுக்கிற வேலை பார்த்தார், அதனால் லைன்காரர். கட்டின மனைவியே வேலிப் படலையில் நின்று, "லைன்காரர், சோறு ஆறுது" என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிட நாலைந்து வயது இளையவர். என்னை அக்கா என்பார். நான் அவரை நீர், வாரும், போம் என்று அளந்துதான் பேசுவேன்.

அவருடைய வித்தை ஒன்று உண்டு. நீங்கள் ஒரு போன் நம்பரைச் சொன்னால் அவர் வீட்டைச் சொல்வார். வீட்டை மட்டுமா? படலை என்ன நிறம், நாய் கடிக்குமா, போன் இருக்கிற மேசைக்கு எத்தனை கால் ஆட்டம், எல்லாம் சொல்வார். நம்பர் என்றால் அவருக்கு ஒரு தூண், தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஒழுங்கை, ஒழுங்கையில் ஒரு வீடு. வீடில்லாத நம்பர் என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை.

என் இரண்டாவது மகளுக்கு முதன்முதலில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வட்டுக்கோட்டைப் பக்கம். பெரிய உத்தியோகம், வீட்டில் சொந்தப் போன் என்று புரோக்கர் எங்கள் படலையடியில் நின்று அடுக்கினார். அந்தக் காலத்தில் வீட்டில் போன் என்றால் கோயில் கோபுரம் மாதிரி. நான் மயங்கிவிட்டேன். "நம்பரைத் தாரும், நானே கதைக்கிறன்" என்றேன். புரோக்கர் நம்பரைச் சொல்லி வாய் மூடவில்லை, வானத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, உது வீடில்லை. கள்ளுத் தவறணை."

அண்ணாந்து பார்த்தால் எங்கள் ஒழுங்கைத் தூணின் உச்சியில், வாயில் இரண்டு ஆணியோடு, லைன்காரர்.

புரோக்கருக்கு முகம் சிவந்துவிட்டது. "மேலை நிண்டு கதைக்கிறது ஆர்?"

"லைன் கதைக்குது. அந்தப் போன் கள்ளு முட்டிக்குப் பின்னாலை, உப்புச் சாக்குக்கு மேலை இருக்கு. போன கிழமைதான் கறள் தட்டிப்போட்டு வந்தனான். உங்கடை மாப்பிள்ளை அங்கைதான் குடியிருக்கிறார் போலை."

சம்பந்தம் அன்றோடு நின்றது. மகளுக்குப் பிறகு தங்கமான ஒரு மாப்பிள்ளை கிடைத்து, இன்றைக்குக் கனடாவில் ஸ்காபரோவில் குடும்பமாக இருக்கிறாள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் அவர் இன்னும் இரண்டு தூண் உயரம் ஏறிவிடுவார்.

பிறகு சண்டைக் காலம். லைன் எல்லாம் போய்விட்டது. தூண்கள் பதுங்கு வங்கருக்கு மரமாகப் போயின, மிச்ச வயரில் பெண்டுகள் சேலை காயப்போட்டார்கள். லைன் இல்லாத லைன்காரர் மட்டும் தினமும் காலையில் காற்சட்டை போட்டு, பெல்ட் கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாக நடப்பார். "பிள்ளை, அது டொக்டர் வீட்டு லைன். ஆபத்துக்கு ஆரும் எடுத்தாலும் எடுப்பினம். சேலையை அங்காலை போடு" என்று வேலிக்கு வேலி சண்டை பிடிப்பார். டொக்டர் குடும்பம் அப்போது லண்டனுக்குப் போய் நாலு வருஷம்.

சண்டை கொஞ்சம் அடங்கி, ஊரில் கொமினிகேசன் கடைகள் வந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று வெளிநாட்டுக்குக் கதைக்கலாம். ஆனால் யாரோ கேட்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் விடுகதையில்தான் கதைப்போம். 'பெரியவருக்குச் சுகமில்லை', 'சின்னவர் பள்ளிக்கூடம் மாறிட்டார்' என்று நாங்கள் சொல்ல, அங்கே இருக்கிற பிள்ளைக்கே விளங்காது. யார் பெரியவர், யார் சின்னவர் என்று அது கேட்கக் கேட்க, மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும்.

லைன்காரர் தலைகீழ். றிசீவரைத் தூக்கியதும் லண்டனில் இருக்கிற மகனோடு பேசமாட்டார். "முதலிலை, கேட்டுக்கொண்டிருக்கிற தம்பிக்கு வணக்கம். சாப்பிட்டீரே? சரி, இனி நான் மகனோடை கதைக்கப்போறன், கவனமாக் கேளும்" என்பார். நடுவில் பேச்சை நிறுத்தி விளக்கமும் கொடுப்பார்.

"தம்பி, இப்ப நான் 'சாமான் அனுப்பிவிட்டன்' எண்டு சொன்னது மிளகாய்த்தூள். குறிச்சு வையும். பயப்பிட ஒண்டுமில்லை. அரைக் கிலோ."

வரிசையில் நிற்கிற நாங்கள் ஒவ்வொருவராகக் கதவடிக்கு நகருவோம். "லைன்காரர், உமக்கு விசரோ? எங்களையும் சேர்த்துப் பிடிச்சுக்கொண்டு போகப்போறாங்கள்" என்றேன் ஒருநாள்.

"அக்கா, அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. நாள் முழுக்க எங்கடை மூட்டு வலியையும் சீதனச் சண்டையையும் கேட்டுக்கொண்டு இருக்கிறான். அரைகுறையாக் கேட்டால்தான் ஆபத்து. வடிவாக் கேக்கட்டும்."

ஒருநாள் அவர் வணக்கம் சொல்லும்போது லைனில் யாரோ இருமிவிட்டார்கள். மகன் இல்லை, மகன் அதுவரை எடுக்கவே இல்லை. லைன்காரருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று மகனோடு கதைத்த மொத்த நேரமும் அந்த இருமலுக்கு மருந்து. "கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் தட்டி அவிச்சு, சூட்டோடை குடியும் தம்பி. மூண்டு நாள். குளிர்த் தண்ணியிலை முழுகாதையும்." அடுத்த கிழமை முழுக் காது கொடுத்துக் கேட்டார். இருமல் இல்லை. "சுகமாப் போச்சுது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு சோதனை வந்தது. அது என் வீட்டு விறாந்தை மேசைக்குத்தான் வந்தது.

ஸ்காபரோ மகள், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்தனுப்பினாள். இன்டர்நெட் போன். பெட்டியை வீட்டு இன்டர்நெட்டில் கொளுவினால் என் மேசையில் இருக்கிற போனுக்குக் கனடா நம்பர். அவள் அங்கே பக்கத்து வீட்டுக்குக் கதைப்பதுபோல என்னோடு கதைக்கலாம். போனில் ஒரு சிவப்புப் பொத்தானும் இருந்தது. "அம்மா, ஆபத்தெண்டால் அந்தச் சிவப்பை அமத்துங்கோ. ஆக்கள் வருவினம்" என்றாள். அவள் அங்கே தன் வீட்டை நினைத்துச் சொன்னாள். நான் இங்கே என் வீட்டை நினைத்துக் கேட்டேன்.

பதியும்போது அந்தக் கொம்பனி விலாசம் கேட்டது. எங்கள் வீட்டுக்கு இலக்கம் கிடையாது. பிள்ளையார் கோயிலடி, பழைய சங்கக்கடை ஒழுங்கை, மூன்றாவது படலை. இதுதான் விலாசம். கடிதம் தவறாமல் வருகிறது. ஆனால் அந்தப் படிவம் இதை எடுக்கமாட்டேன் என்று துப்பிவிட்டது.

"அம்மா, இலக்கம் இல்லாமல் எடுக்குதில்லை. என்ன செய்ய?" என்று மகள் கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. "உன்ரை வீட்டு விலாசத்தை எழுது. உன்ரை வீடு வேறை, என்ரை வீடு வேறையோ?"

மகள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. கடல் தாண்டியும் ஒரே விலாசம்! அன்று பின்னேரம் கோயிலடியில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

செய்தி கேட்டு லைன்காரர் வந்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். வயரைப் பிடித்துக்கொண்டு போனார், அது சுவர் வரைக்கும் போய் நின்றுவிட்டது.

"இதுக்கு அங்காலை எங்கை போகுது?"

"மேலை."

"மேலை எண்டால்?"

"மேலை எண்டால் மேலைதான். எனக்கென்ன தெரியும்?"

"நம்பரைச் சொல்லுங்கோ."

சொன்னேன். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நம்பரைக் கேட்டு அவருக்கு வீடு தெரியவில்லை. றிசீவரைக் காதில் வைத்து, "கேக்கிற தம்பிக்கு வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தார். திரும்பவும் சொன்னார். மெல்ல வைத்தார்.

"உதுக்குள்ளை ஒருத்தரும் இல்லை அக்கா. கள்ளன் ரெண்டு பேர் இதிலை கதைச்சுக் களவுக்குப் போனாலும் நீதவானே நினைச்சாலும் கேக்கேலாது. சரி, அது கிடக்கட்டும். இதுக்கு எந்த விலாசம் குடுத்தனியள்?"

நான் தலையை நிமிர்த்திச் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, ஆபத்துக்கு எடுத்தால் உங்கை வாறவை விலாசத்தைப் பாத்துத்தான் வருவினம். மாத்துங்கோ."

"என்ரை பிள்ளையின்ரை வீடு என்ரை வீடு."

"ஓம், பிள்ளை உங்கடைதான். ஒழுங்கை உங்கடை இல்லையே!"

"உமக்குப் பொறாமை. உம்மடை தூணெல்லாம் விழுந்துபோச்சு எண்டு எரியுது உமக்கு."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் எழும்பிப் போய்விட்டார். பிறகும் விடவில்லை, தினமும் காலையில் படலையடியில் நின்று, உள்ளே வராமல், "அக்கா, விலாசம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார், பால்காரன் மாதிரி. நான் பதில் சொல்வதை நிறுத்தினேன். ஒரு மாதம் அப்படிப் போனது.

நான் விலாசத்தை மாற்றமாட்டேன் என்று கண்டதும் அவர் வேறு வழி பிடித்தார். என் வீட்டுக்கும் அயலில் இருக்கிற பூரணத்தின் வீட்டுக்கும் நடுவில் ஒரு வெங்காயத் தோட்டம். பூரணமும் புருஷனும் அதைச் செய்கிறார்கள். நான் தனி ஆள், முழங்கால் தோட்ட வரப்பைத் தாண்ட விடாது. லைன்காரர் தன் பழைய வயர்ச் சுருளோடு ஒரு பின்னேரம் வந்து, என்னிடம் ஒரு சொல் கேட்காமல், பின்வேலியில் ஏறி வயர் கட்டத் தொடங்கினார். என் குசினியில் ஒரு பொத்தான், பூரணத்தின் குசினியில் ஒரு மணி. நான் அமர்த்தினால் அங்கே அடிக்கும். விலாசம் தேவையில்லை.

"என்ரை வேலியிலை உமக்கென்ன வேலை?" என்று குசினி யன்னலால் கத்தினேன்.

"உங்கடை வேலியிலை வேலையில்லை. என்ரை லைனிலை வேலை" என்றார் திரும்பாமல். அடுத்ததாக, "அம்மாளாச்சி!" என்றார்.

பூவரச வேலியடியில் குவித்துக் கிடந்த காய்ந்த ஓலைக்குள் கால் வைத்திருக்கிறார், உள்ளே புடையன் பாம்பு. காலில், கணுவுக்கு மேலே கடி. அது போவதை நான் கண்ணால் கண்டேன், என் மணிக்கட்டுப் பருமன்.

எப்படி அவரை விறாந்தை வரைக்கும் கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியாது. படுக்க வைத்தேன். காலை அசைக்காதையும் என்று அதட்டினேன். பூரணத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மிசின் ஓடிக்கொண்டிருந்தது, என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அந்தப் போனில் பூரணத்துக்கு எடுப்பதென்றால் நாட்டு இலக்கம் எல்லாம் சேர்த்து நீளமாக அமர்த்த வேண்டும், எனக்கு வராது. சிவப்புப் பொத்தானை அமர்த்தினேன்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் எடுத்தாள். நான் "பாம்பு! பாம்பு!" என்றேன். அவள் என்னவோ சொன்னாள். டக்கென்று இன்னொரு குரல் வந்தது, நல்ல எங்கள் ஊர்த் தமிழ்.

"அம்மா, நான் மொழிபெயர்க்கிறவ. பயப்பிடாதையுங்கோ. என்ன நடந்தது?"

"பாம்பு கடிச்சுப்போட்டுது மோளை. புடையன். கெதியா வரச்சொல்லு."

"உங்கடை விலாசம் எங்களுக்கு முன்னாலை தெரியுது அம்மா. வண்டி வெளிக்கிட்டுட்டுது. ஆறு நிமிஷத்திலை வந்திடும்."

ஆறு நிமிஷம்! எனக்கு உயிர் வந்தது. லைன்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கேட்டீரே? ஆறு நிமிஷம். பெட்டி, பெட்டி எண்டு நக்கலடிச்சீர்."

அவருக்கு வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், "ஆரின்ரை வீட்டுக்கு வருகினம் எண்டு கேளுங்கோ அக்கா."

நான் றிசீவரைத் திரும்பவும் காதில் வைத்தேன். கேட்க முன்னம் அந்தப் பிள்ளையே கேட்டாள்.

"அம்மா, பாம்பு இப்ப எந்த அறைக்குள்ளை நிக்குது?"

"அறையிலை இல்லை மோளை. வேலிக்குள்ளை போயிட்டுது."

"என்ன வேலி?"

"பூவரச வேலி."

அவள் குரல் இறங்கியது. "அம்மா... நீங்கள் ஊரிலையோ நிக்கிறியள்?"

"வேறை எங்கை நிக்க?"

"ஐயோ அம்மா! வண்டி ஸ்காபரோவுக்கெல்லோ போகுது!"

றிசீவர் என் கையிலிருந்து நழுவியது. லைன்காரர் அதைப் பிடித்தார். அவர் அந்தப் பிள்ளையோடு பேசவில்லை. முழுப் பலத்தையும் கூட்டி அதற்குள் கத்தினார்.

"கேக்கிற தம்பி! நான்தான், லைன்காரன்! பிள்ளையார் கோயிலடி, பழைய சங்கக்கடை ஒழுங்கை, மூண்டாவது படலை! ஒரு வண்டி அனுப்பும் ராசா! இவ்வளவு வருஷமும் உம்மட்டை நான் ஒண்டும் கேட்டதில்லை!"

யாரும் இருமவில்லை. அவர் கை விழுந்தது. எனக்கு மகளின் நம்பர் ஒன்றுதான் மனப்பாடம். அதை அமர்த்தினேன். வேறு யாருடனோ கதைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சத்தம் வந்தது. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் பெருமை ஒரு மனிதரைக் கொல்லப்போகிறது என்று நினைத்தேன். எந்தப் பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய் நேர்ந்தேன் என்று நினைவில்லை.

ஸ்காபரோவில் நடந்ததை மகள் பிறகு சொன்னாள். அங்கே அப்போது காலை. மருமகன் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். வாசலில் சிவப்பு வண்டி ஒன்று, வெள்ளை வண்டி ஒன்று. பெரிய சப்பாத்தோடு நாலு பேர் உள்ளே வந்து, "பாம்பு எங்கே?" என்று கட்டிலைத் தூக்கிப் பார்த்தார்கள். மருமகன் நுரையோடு கதிரைக்கு மேல் ஏறிவிட்டார். பாம்பு இல்லை என்று சொல்லவேண்டிய மனிதரே பாம்பு எங்கே என்று தேடத் தொடங்கிவிட்டார். மகள்தான் ஒரு நொடியில் பிடித்தாள். பாம்பு, இந்த விலாசம், இன்டர்நெட் போன். "அம்மா!" என்று கத்திக்கொண்டு பூரணத்தின் கைப்போனுக்கு எடுத்தாள். அதனால்தான் நான் எடுத்தபோது அவள் லைன் கிடைக்காமல் போனது.

குசினியில் நின்ற பூரணம் போனை எடுத்தாள். அடுத்த நிமிஷம் தண்ணீர் மிசின் நின்றது. சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிற ஓட்டோவோடு பூரணத்தின் புருஷன் தோட்டத்துக்குக் குறுக்காலேயே ஏறி வந்தான். ஒரு தோட்டத்துக்கு அந்தப் பக்கம் போகவேண்டிய செய்தி, கனடாவுக்குப் போய், நாலு தீயணைப்புக்காரரைக் கண்டுவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்தது.

ஆசுபத்திரியில் விஷமுறிவு ஊசி ஏற்றினார்கள். இரண்டு நாள் அவர் பேசவில்லை. நான் பட்டினத்தில் இருக்கிற மூத்த மகனோடு தினமும் போய் வாசலில் இருந்தேன். மூன்றாம் நாள் கண் திறந்து, தாதியின் மேசையில் மணி அடித்த போனைப் பார்த்தார். "அந்த லைன் மழைக்கு இரையும். அடியிலை ஒரு மூட்டு இருக்கு" என்றார். தாதி என்னைப் பார்த்து, "அம்மா, ஐயாவுக்கு மூளையிலை ஏதும்..." என்று இழுத்தாள்.

"இல்லைப் பிள்ளை. இப்பதான் சரியா வந்திருக்கு" என்றேன்.

காலில் கட்டோடு அவர் வீட்டுக்கு வந்த கிழமை, பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டம். இன்டர்நெட் போன்களுக்குப் புதுச் சட்டம் எழுதப் போகிறார்களாம், சனங்கள் கருத்துச் சொல்லலாமாம், கொழும்பிலிருந்து அதிகாரிகள் வருகிறார்களாம். லைன்காரருக்கு இதைவிடத் திருவிழா வேண்டுமா? பழைய காற்சட்டையும் பெல்ட்டும் போட்டு, ஒரு கையில் பொல்லு, மறு கையில் நான்.

மண்டபத்தில் கழுத்துப்பட்டி கட்டினவர்கள் எழும்பி எழும்பி ஆங்கிலத்தில் பேசினார்கள். ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். லைன்காரர் கை உயர்த்தினார்.

"ஐயா எந்த நிறுவனம்?" என்று கேட்டார்கள்.

"நான் லைன்."

சிரித்தார்கள். அவர் காலைத் தூக்கி முன்கதிரையில் வைத்தார். கட்டைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"ஐயாமாரே, ரெண்டு விஷயம். ஒண்டு, போன் எண்டால் தான் எந்த வீட்டிலை இருக்கிறன் எண்டு அதுக்குத் தெரிய வேணும். தெரியாட்டில் அந்த ஆபத்துப் பொத்தானை வைச்சு விக்கக்கூடாது. 'இதிலை கூப்பிட்டால் ஒருத்தரும் வராயினம்' எண்டு பெரிய எழுத்திலை ஒட்டி விடுங்கோ, நாங்கள் கத்திக் கூப்பிடுவம். எங்கடை வீடுகளுக்கு இலக்கம் இல்லை. கோயிலடி, புளியடி எண்டு எழுதினால் உங்கடை பெட்டி அதை எடுக்கவேணும். தபால்காரனுக்கு விளங்கிறது பெட்டிக்கு விளங்காதோ?"

"இரண்டாவது?"

"ரெண்டாவது, ஒட்டுக் கேக்கிறது."

ஒரு அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "கேட்கக் கூடாது என்கிறீர்களா ஐயா?"

"கேளுங்கோ. கள்ளனைப் பிடிக்கக் கேக்கத்தான் வேணும். ஆனால் நீதவான்ரை கையெழுத்தோடை கேளுங்கோ. ஆரின்ரை போன், எத்தனை நாள் எண்டு எழுதிப்போட்டுக் கேளுங்கோ. நாள் முடிஞ்சால் காதை எடுங்கோ. கேட்டுக்கொண்டு இருக்கேக்கை ஒருத்தன் சாகப்போறன் எண்டு கத்தினால் வண்டி அனுப்புங்கோ. காது மட்டும் வைச்சுக்கொண்டு கை இல்லாமல் இருக்காதையுங்கோ."

கடைசி வரிசையில் இருந்த வயதான அதிகாரி ஒருவர் இருமினார். லைன்காரர் திரும்பி அந்த மனிதரைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். "நெஞ்சுச் சளி இன்னும் இருக்குப் போலை" என்று என் காதில் சொன்னார்.

பிறகு சாட்சிக்கு என்னை எழுப்பினார். கண்ணாடி கழற்றின அதிகாரி கேட்டார், "அம்மா, விலாசத்தை ஏன் பிழையாகக் கொடுத்தீர்கள்?"

என் வாழ்க்கையில் நாலு பேர் நடுவில் நான் தலை குனிந்ததில்லை. "நான் பிழையாக் குடுக்கேல்லை ஐயா. பெருமையாக் குடுத்தனான். அதுக்கு இந்த மனுசன் காலைக் குடுத்தவர்" என்றேன். சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். லைன்காரர் தன் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

சட்டம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. எழுதிக்கொண்டு போனார்கள். ஆனால் என் வீட்டுக்குச் சட்டம் வந்துவிட்டது. கனடாப் பெட்டி பிள்ளைகளோடு கதைக்க மட்டும். சிவப்புப் பொத்தானுக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டியாகிவிட்டது. ஆபத்துக்கு உள்ளூர் நம்பரோடு ஒரு கைப்போன் வாங்கிவந்து, அது வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிடும் என்று, லைன்காரர் அதைச் சுவரில் ஆணி அடித்துக் கயிற்றால் கட்டிவிட்டிருக்கிறார். கைப்போனைக் கன்றுக்குட்டி மாதிரிக் கட்டி வைத்திருக்கிற வீடு இந்தக் குடாநாட்டில் என்னுடையது ஒன்றுதான். பக்கத்தில் பெரிய எழுத்தில் விலாசம். பூரணத்தின் குசினி மணியும் கட்டி முடித்துவிட்டார். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் வந்து அமர்த்துகிறார். அவள் கரண்டியோடு ஓடிவந்து தினமும் ஏசுகிறாள்.

நானும் ஏசுகிறேன். அவர் திருப்பி ஏசுகிறார். இந்த மனிதர் அன்றைக்கு என் விறாந்தையில் கண்ணை மூடியிருந்தால், எனக்கு இந்த ஊரில் சண்டை பிடிக்க ஒரு ஆள் மிஞ்சியிருக்கமாட்டார்.

பட்டினத்தில் இருக்கிற என் மூத்த மகனின் மகள் சனிக்கிழமைகளில் வருவாள். இன்றும் வந்திருக்கிறாள். எழுதி முடித்த இந்தத் தாள்களை அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன்.

"பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் பிறகு பாப்பம். சத்தமா வாசி, எனக்குக் கேக்கவேணும். ஆனால் 'சண்டை பிடிக்க ஒரு ஆள்' எண்ட வரி வரேக்கை மட்டும் மெல்லமா வாசி மோளை. அவர் படலையடியிலை நிக்கிறார்."